பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகட்டும்

அன்பு மருமகளுக்கு,

உன் பிளஸ் டூ மார்க்கை அப்பா போனில் சொன்னபோது குரலில் அவ்வளவு பூரிப்பு. அடுத்த நிமிஷமே, "பணத்துக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல" என்றார். உனக்கு வரவேண்டிய பணம் அரசாங்கத்திடம் இருக்கிறது, கண்ணு. தகுதியிருந்தும் அது பிள்ளைகளின் கைக்கு வராமல் போவதைக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் உட்கார்ந்து ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் பாயில் பரப்பி எழுத்தெழுத்தாகப் படி. ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. பள்ளிச் சான்றில் உள்ளபடி மற்ற இரண்டையும் இப்போதே திருத்திவிடு. ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைந்ததோ, உதவித்தொகை அங்கேதான் போகும். என்னிடம் வந்த ஒரு பெண், கல்லூரியில் சேர்ந்த கையோடு புதுக் கணக்கு ஒன்று தொடங்கியிருந்தாள். பணம் அதில் விழுந்துகொண்டிருந்தது. அவளோ பழைய பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போட்டு, வரவில்லையே என்று அழுதுகொண்டிருந்தாள்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன் என்று உன் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை. ஆகவே முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவையில் உடனே மனுப் போடு. கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் அந்தச் சான்றுக்கான கட்டணச் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. 'இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடு. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதே. கல்லூரிகள் சரிபார்த்ததும் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உனக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் வருமானச் சான்றுதான். நெசவாளிக்குச் சம்பளச் சீட்டு ஏது? பாவு இருக்கும்வரை கூலி, முடிந்து அடுத்த பாவு வரும்வரை ஒன்றுமில்லை. இந்த நிலையில் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அப்பா திகைத்து நிற்பார், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் தோன்றியதைப் போட்டுவிடுவார். அதற்கு இடம் கொடுக்காதே. முதலாளி கூலி எழுதித் தரும் நோட்டைக் கொண்டுபோய் வி.ஏ.ஓ.விடம் நேரில் காட்டச் சொல். பல உதவித்தொகைகளுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், அப்பாவின் கூலி அதற்குள்தான் அடங்கும், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்காதே. கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்திலும் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு. அப்பாவின் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்.

இத்தனைக்கும் பிறகு பணம் குறைந்தால் வங்கிக் கல்விக் கடன் கேட்கலாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்தாது என்பதால் சேருவதற்கு முன்பே வங்கியில் கேட்டுக்கொள்.

முதலாளியிடம் முன்பணம் வாங்கி உன்னைச் சேர்த்துவிடலாம் என்று அப்பா நினைப்பார். விடாதே, கண்ணு. அந்தக் கடன் தீரும்வரை அவரால் கூலி உயர்த்திக் கேட்கவும் முடியாது, வேறு இடத்துக்கு நெய்யவும் முடியாது. கல்லூரி சீட் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து அவசரப்படுவார். இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்கு வருகிறேன். கூலி நோட்டையும் வாரிய அட்டையையும் தேடி எடுத்து வை. திங்கள் காலை முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் தாலுகா ஆபீசுக்குப் போய்விடலாம்.

அன்புடன்,
அத்தை