பில்லைச் சமமாகப் பிரிக்கலாமா?

கேள்வி: ராபர்ட்சன்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்க்கிறோம். நண்பர்களாகச் சேர்ந்து சாப்பிட்டால், சைவம் மட்டும் சாப்பிட்டவருக்கும் அதே பங்குதான். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தாலும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

பதில்: தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது, வருமானம் ஏறக்குறைய ஒத்திருக்கும் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் கோலார் தங்கவயலில் ஊரே ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனியை நம்பியிருந்த காலம் வேறு. 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பின், ஒரே ரயில் பெட்டியில் செக்யூரிட்டி வேலைக்காரரும் மென்பொருள் ஊழியரும் உட்கார்ந்து போகிறார்கள். சமப் பங்கு இவர்களில் ஒருவருக்குச் சில்லறை, இன்னொருவருக்கு ஒரு நாள் கூலி. 'கணக்குப் பார்த்தால் நட்பு கெடும்' என்பார்கள். கெடுவது பில் வந்த பிறகு பார்ப்பதால்தான். மதுவும் விலை கூடிய அசைவமும் அவரவர் கணக்கு, மற்றது பொது என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பணம் தொழிலாளிக்குத்தானே என்ற வாதம் பலவீனமானது: அது போய்ச் சேருவது முதலாளியின் கல்லாவில், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஆகவே அதை நீக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்கு மனம் ஒப்பியதைக் கையில் கொடுங்கள். நீக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.