ஒரு சனிக்கிழமை, ஐந்து மாணவர்கள்: பெற்றோரும் பயில ஒரு படம்

பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் பல வீடுகளில் பேச்சு குறைந்துவிடுகிறது. "சாப்பிட்டாயா?", "எத்தனை மார்க்?", "எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்ற மூன்று கேள்விகளுக்குள் நம் உரையாடல் முடிந்துபோகிறது. அதே பிள்ளைகள் நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. அதை ஓரமாக உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பை ஓர் அமெரிக்கப் படம் அளிக்கிறது. 1985-இல் வெளிவந்த 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' என்னும் அப்படத்தையே இக்கட்டுரையில் பாடமாக எடுத்துக்கொள்வோம். நகைச்சுவைப் படம்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு பெற்றோரைச் சிறிது யோசிக்க வைக்கும் படம்.

படம் உருவான விதம்

இதை எழுதி இயக்கியவர் ஜான் ஹியூஸ் (1950-2009). பதின்வயதினரின் வாழ்க்கையை வைத்துப் பல படங்கள் தந்தவர். கதை நடப்பது 1984 மார்ச் 24, சனிக்கிழமை. இடம், சிகாகோ நகரை அடுத்த ஷெர்மர் என்னும் கற்பனை ஊரின் உயர்நிலைப் பள்ளி. வெவ்வேறு தவறுகளுக்காக ஐந்து மாணவர்கள் விடுமுறை நாளில் காலை முதல் மாலை 4 மணி வரை நூலகத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். 'நான் யார்' என்று ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். இதுதான் தண்டனை, இதுதான் கதை.

ஐவரும் ஐந்து வகை. படிப்பாளி பிரையன், மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ, செல்வ வீட்டுப் பெண் கிளேர், முரடன் பெண்டர், யாரோடும் பேசாத ஆலிசன். இவர்களாக முறையே ஆந்தனி மைக்கேல் ஹால், எமிலியோ எஸ்டெவெஸ், மோலி ரிங்வால்ட், ஜட் நெல்சன், ஆலி ஷீடி நடித்தனர். 1981-இல் மூடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் படப்பிடிப்பு நடந்தது. அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நூலக அரங்கு அமைக்கப்பட்டது. செலவு சுமார் 10 லட்சம் டாலர். அமெரிக்க அரங்குகளில் வசூல் சுமார் 4 கோடியே 50 லட்சம் டாலர். சண்டையோ வெளிநாட்டுக் காட்சியோ இல்லாமல், ஓர் அறைக்குள் ஐந்து பேர் பேசும் பேச்சை நம்பி எடுத்த படம் இது.

அரங்கிலிருந்து வீட்டுக்கு

அமெரிக்கத் தர வரிசையில் இப்படத்துக்கு 'ஆர்' என்ற குறி கிடைத்தது. 17 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ உடன் வராமல் அரங்கில் பார்க்க முடியாது என்பது அதன் பொருள். படம் 1985 பிப்ரவரி 15 அன்று வெளியானபோது மோலி ரிங்வால்டுக்கு 17 வயது நிரம்ப மூன்று நாள் பாக்கி. ஹாலுக்கும் 16 வயதுதான். தாம் நடித்த படத்துக்குத் தாமே தனியாகச் சீட்டு வாங்க விதி இடம் தரவில்லை!

யாரைப் பற்றிய படமோ அவர்களை அது எளிதாகச் சென்றடைந்தது வீடியோ கசெட் வழியாகத்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் கருவியை விற்றதற்காக 1976-இல் சோனி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தவற்றுள் யுனிவர்சல் நிறுவனமும் ஒன்று. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமல்ல என்றது. இரண்டு மாதம் கடந்ததும் இப்படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. வெளியிட்டதும் யுனிவர்சல்தான். எந்தக் கருவியை எதிர்த்ததோ, அந்தக் கருவியே பின்னர் அதன் படங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அக்காலத்தில் அமெரிக்காவில் பல படங்களின் கசெட் விலை 80 டாலரை ஒட்டி இருந்தது. ஆகவே மக்கள் வாங்காமல் கடைகளில் வாடகைக்கு எடுத்தார்கள். நம் நாட்டிலும் 'டெக்' வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தாரோடு ஒரே இரவில் மூன்று படம் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. கசெட்டுக்குப் பின் டி.வி.டி., புளூ-ரே என்று வடிவங்கள் மாறின. 2016-இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2018 ஜனவரியில் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில், படத்திலிருந்து நீக்கப்பட்ட காட்சிகள் சுமார் 50 நிமிடம் இடம்பெற்றன.

வீட்டில் பார்ப்பதில் ஒரு பெரிய வசதி, படத்தை நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், நடுவே பேசலாம். இப்படத்தை அப்படிப் பார்ப்பதே நல்லது. ஏன் என்பதை மூன்று காட்சிகளால் காண்போம்.

முதல் காட்சி: பள்ளி வாசல்

தொடக்கத்தில் பிள்ளைகளைப் பெற்றோர் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். சில நிமிடம்தான். முதல்முறை பார்க்கையில் இது வெறும் அறிமுகமாகத் தோன்றும். இறுதி வரை பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டால், முழுக் கதையும் இங்கேயே இருப்பது தெரியும்.

கிளேரின் தந்தை மகளைக் கண்டிக்காமல் சமாதானம் செய்கிறார். ஆண்ட்ரூவின் தந்தைக்கு மகன் செய்த தவறு பெரிதில்லை. கல்லூரி உதவித்தொகை போய்விடுமே என்பதுதான் கவலை. பிரையனின் தாய், தண்டனை நேரத்திலும் எப்படியாவது படிக்க வழி பார் என்கிறார். படிக்க அனுமதியில்லை என்று அவன் சொல்லியும் விடுவதில்லை. பக்கத்தில் அமர்ந்த சிறு தங்கையும் தாயோடு சேர்ந்து அதட்டுகிறாள். அந்தக் காரின் எண்பலகையில் ஐன்ஸ்டீனின் புகழ்பெற்ற சமன்பாட்டின் எழுத்துகள்! தாயும் தங்கையுமாக நடித்தவர்கள் ஹாலின் சொந்தத் தாயும் தங்கையும் ஆவர். ஆலிசன் இறங்கி, ஏதோ சொல்லக் குனிவதற்குள் கார் போய்விடுகிறது. பெண்டரைக் கொண்டுவந்து விட யாருமில்லை; நடந்தே வருகிறான்.

இரண்டாம் காட்சி: மதிய உணவு

ஐவரும் தத்தம் சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள். கிளேர் ஜப்பானிய உணவான சுஷியை அழகிய பெட்டியில் கொண்டுவந்திருக்கிறாள். ஆண்ட்ரூ பையிலிருந்து எடுக்க எடுக்கத் தீராத தீனி வருகிறது. பிரையனுக்கு சூப், பழச்சாறு, ஓரம் வெட்டிய ரொட்டி என எல்லாம் அளவோடு தாய் கட்டிக் கொடுத்தவை. ஆலிசன் ரொட்டிக்குள் இருந்த இறைச்சியை வீசிவிட்டு, சர்க்கரைத் தூளையும் இனிப்புத் தானியத்தையும் வைத்து நொறுக்குகிறாள். அரங்கமே சிரிக்கும் காட்சி இது.

பெண்டரிடம் சாப்பாடே இல்லை. அவன் பிரையனின் சாப்பாட்டை எடுத்துக் கேலி செய்கிறான். பிரையனின் இனிமையான குடும்பத்தை நடித்துக் காட்டுகிறான். பிறகு தன் வீட்டை நடித்துக் காட்டும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. தந்தை சுருட்டால் சுட்ட வடு அவன் கையில் இருக்கிறது. பிறரைக் கேலி செய்யும் பிள்ளை எதை மறைக்கிறான் என்று கேட்கக் கற்றுத்தரும் காட்சி இது.

மூன்றாம் காட்சி: தரையில் அமர்ந்த பேச்சு

படத்தின் உயிர் இங்கே உள்ளது. ஐவரும் தரையில் உட்கார்ந்து, தாம் ஏன் இங்கு வந்தோம் என்று சொல்லத் தொடங்குகிறார்கள். ஆண்ட்ரூ, தன்னைவிட மெலிந்த ஒரு மாணவனை உடைமாற்றும் அறையில் பிடித்து, உடம்பில் பசைநாடா ஒட்டிக் காயப்படுத்தியவன். ஏன் செய்தான்? மகன் 'ஆண்பிள்ளையாக' இருக்க வேண்டும் என்று நினைக்கும் தந்தையின் மெச்சுதலுக்காக. அந்த மாணவன் தன் வீட்டுக்குப் போய்த் தன் தந்தையிடம் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்து இப்போது அழுகிறான்.

அடுத்தது பிரையன். எல்லாப் பாடத்திலும் முதல்வன். சுலபம் என்று எண்ணிக் கைத்தொழில் வகுப்பில் சேர்ந்தான். யானை வடிவில் ஒரு மேசை விளக்கு செய்ய வேண்டும். தும்பிக்கையை இழுத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. தேர்ச்சி பெறவில்லை என்று வந்துவிட்டது. அந்த மதிப்பெண்ணைத் தன்னாலும் தாங்க முடியாது, பெற்றோராலும் தாங்க முடியாது என்கிறான். தன் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு அவன் பெட்டியில் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தது அப்போதுதான் தெரிகிறது. என்ன துப்பாக்கி என்று கேட்டால், ஆபத்தில் வானத்தில் வெளிச்சம் எழுப்பும் துப்பாக்கி. அது பெட்டிக்குள்ளேயே வெடித்துவிட்டது! மற்றவர்கள் சிரிக்கிறார்கள், முதலில் திகைத்த அவனும் சிரிக்கிறான். நாமும் சிரிக்கிறோம். ஒரு கணம் கழித்து, எதற்குச் சிரித்தோம் என்பது உறைக்கிறது. ஒரு பிள்ளையின் உயிர் ஒரு மேசை விளக்கில் தொங்கியிருக்கிறது.

படத்தை நிறுத்த வேண்டிய இடம் இதுதான். "உனக்கு இப்படி எப்போதாவது தோன்றியதுண்டா?" என்று கேட்கலாம். பதில் உடனே வராது, பரவாயில்லை. கேட்கக்கூடிய பெற்றோர் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். கவலை தரும் பதில் வந்தால் அறிவுரை சொல்லத் தொடங்காமல் கேளுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரை நாடுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416.

பெரியவர்களுக்கு ஒரு பாத்திரம்

ஐவரைக் காவல் காக்கும் துணைத் தலைமை ஆசிரியர் வெர்னன் (பால் கிளீசன்), கீழ்த்தளத்தில் துப்புரவுப் பணியாளர் கார்லிடம் (ஜான் கபெலோஸ்) குறைப்படுகிறார்: இக்காலப் பிள்ளைகள் மாறிவிட்டார்களாம். கார்ல் ஒப்புவதில்லை. பிள்ளைகள் அப்படியேதான் இருக்கிறார்கள், மாறியவர் நீங்கள் என்கிறார். தொடக்கத்தில் பள்ளிச் சுவரைக் காட்டும்போது நிறுத்திப் பார்த்தால், அதே கார்ல் மாணவராக இருந்தபோது ஆண்டின் சிறந்த மாணவராகத் தேர்வானதைக் காட்டும் படம் அங்கே தொங்குவது தெரியும். முதன்மை மதிப்பெண் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் என்று நம்பும் நமக்கு அந்த ஒரு படமே ஒரு பாடம்.

பார்க்கும் முன் ஒரு சொல்

குறைகளையும் மறைக்கக் கூடாது. கொச்சைச் சொற்கள் மிகுதி. கஞ்சா புகைக்கும் காட்சி உண்டு. பெண்டர் கிளேரிடம் அத்துமீறி நடக்கும் இடம் உண்டு. அதைப் படம் வேடிக்கையாகக் காட்டுகிறது. ஆலிசனுக்கு ஒப்பனை செய்த பிறகே ஆண்ட்ரூ அவளைக் கவனிப்பதும் நல்ல பாடமன்று. மோலி ரிங்வால்டே 2018-இல் 'தி நியூயார்க்கர்' இதழில் இதுபற்றி எழுதினார். தம் மகளோடு இப்படத்தைப் பார்த்தபோது, மகள் கலங்குவாளோ என்று அஞ்சியதாகவும், முடிவில் அதிகம் கலங்கியது தாமே என்றும் கூறியிருக்கிறார். ஆகவே பெற்றோர் முதலில் தனியே பார்த்துவிட்டு, பதினாறு, பதினேழு வயதான பிள்ளைகளோடு மறுமுறை பார்ப்பது நலம்.

வீட்டுப் பயிற்சி

பார்த்து முடித்ததும் கீழ்க்கண்டவற்றைப் பேசலாம்.

1. ஐவரில் யார் உன்னைப் போல? பெற்றோரே, உங்கள் பள்ளி நாட்களில் நீங்கள் யார்?

2. காரில் வந்த பெற்றோரில் நாங்கள் யாரைப் போல?

3. திங்கட்கிழமை பள்ளியில் சந்தித்தால் நாம் நண்பர்களா என்று பிரையன் கேட்கிறான். கிளேர் இல்லை என்கிறாள். அவள் சொன்னது உண்மையா, கொடுமையா?

4. ஐவருக்குமான கட்டுரையைக் கடைசியில் பிரையன் ஒருவனே எழுதுகிறான். அது நட்பா, பாரம் அவன் மீது மட்டும் விழுந்ததா?

இன்னொன்றும் செய்து பாருங்கள். பிள்ளை 'நான் யார்' என்று ஒரு பக்கம் எழுதட்டும். பெற்றோர் தனியே 'என் பிள்ளை யார்' என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே நிபந்தனை, மதிப்பெண், வகுப்பு, தேர்வு என்ற சொற்கள் வரக் கூடாது. தமிழில் எழுத வராத பிள்ளை இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும்; மொழிப் பாடத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு படியுங்கள். நம் பக்கத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிள்ளையோடு எதைப் பேசாமல் விட்டோம் என்பது அப்போது தெரிந்துவிடும்.