தேற்றுதலும் தேறுதலும்

தமிழில் 'தேறு' என்பது தன்வினை. 'தேற்று' என்பது பிறவினை. அழும் குழந்தை தேறுவதற்கு முன் அதனைத் தேற்றுவார் ஒருவர் வேண்டும். இலக்கணம் காட்டும் இவ்வுறவே குழந்தை வளர்ப்பிற்கும் அடிப்படையாதலை இவண் காண்போம்.

பிறந்த குழவிக்குத் தன் உணர்ச்சியைத் தானே அடக்கும் ஆற்றல் இல்லை. பசியும் அச்சமும் வெகுளியும் அதற்கு அழுகையே. தாய் வாரியெடுத்து மார்பிற் சாய்த்து மெல்லப் பேசும்பொழுது அது அமைதியுறுகின்றது. இவ்வாறு பலகாலும் பிறரிடம் கடனாகப் பெற்ற அமைதியே நாளடைவில் அதன் சொந்த உடைமையாகின்றது.

1978ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டிரானிக்கும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சிறிது நேரம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாது அமர்ந்தார். சில திங்களே நிறைந்த குழந்தைகள் முதலில் தாயின் கவனத்தை ஈர்க்க முயன்றன. பயனின்மையால் முகந்திருப்பி வாடின. தாய் அருகிலிருத்தல் மட்டும் போதாது. அவர் முகமும் மறுமொழி கூறல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் தாலாட்டு அம்மறுமொழியின் இசைவடிவமே. அழவைத்தவர் அத்தையோ, மாமனோ, பாட்டியோ எனத் தாய் வினவுகிறாள். பொருள் அறியாவிடினும், தன் துயர் கேட்கப்படுவதைக் குழந்தை உணர்கின்றது. வளருங்கால் உணர்ச்சிக்குப் பெயரும் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைப் பெயரிட்டு, அவை பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்தார். "உனக்கு அச்சமா, சினமா?" என வினவும் அன்னை செய்வதும் அப்பணியே.

பெற்றோர் வயலுக்கோ கூலிவேலைக்கோ செல்லும் மருங்காபுரி போன்ற வட்டாரங்களில் பாட்டியும் அக்காளும் இக்கடமையை ஏற்கின்றனர். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழிவந்த அங்கன்வாடிப் பணியாளரும் அவ்வரிசையினரே.

ஆயினும் நம் வழக்கங்கள் சில ஆராயத்தக்கன. குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை அடித்துக் காட்டுகிறோம். வலி நேர்ந்தால் பிறர்மேற் சினங்கொள்ள அது கற்கின்றது. பூச்சாண்டி காட்டி அழுகையை நிறுத்துகிறோம். அழுகை அடங்குகிறது, அச்சம் அடங்குவதில்லை. இன்றோ கைபேசியைக் கையிற் கொடுத்துவிடுகிறோம். அங்கே தேற்றுவாரே இல்லை.

இக்குறைகளுக்குத் தாயரை மட்டும் பழித்தல் அறமன்று. பகலெல்லாம் உழைத்துச் சோர்ந்தவரிடம் அமைதியைக் கடன் கேட்டால் அவர் எதனைக் கொடுப்பார்? ஒரு நாழிகை குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளும் தந்தையும், அண்டை வீட்டாரும், மூத்தோரும் அவருக்கு வேண்டும். குழந்தை தேறவேண்டுமாயின், தேற்றுவாரையும் தேற்றுவார் வேண்டும்.