அரளிச் செடி

தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறீர்களா? சாலையின் நடுவே பாருங்கள். பல இடங்களில் வரிசையாக ஒரு செடி பூத்து நிற்கும். பூ சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறங்களில் இருக்கும். அதுதான் அரளி.

வெயில், வண்டிப் புகை, தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றையும் அது தாங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. இலை அவ்வளவு கசப்பு.

கசப்பு மட்டுமா? விஷமும்கூட. இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே விஷம். அது இதயத்தைத் தாக்கும்.

"சாமிக்கு மாலை கட்டுகிறோமே" என்று கேட்கலாம். மாலை கட்டலாம். வாயில் போடக் கூடாது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு ஒரு முடிவு எடுத்தது. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்க்க வேண்டாம் என்பதே அந்த முடிவு. நல்ல முடிவுதான்.

அரளியை எப்படி அடையாளம் காண்பது? இலை நீளமாக, ஒடுங்கி, தோல் போலத் தடித்திருக்கும். கிளையில் ஒரே இடத்தில் மூன்று மூன்று இலைகள் சேர்ந்திருக்கும். காய் ஒல்லியாக நீண்டிருக்கும்.

மஞ்சள் அரளி வேறு செடி. அதன் இலை ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் இருக்கும். ஒடித்தால் பால் வடியும். காய் பச்சையாக, உருண்டையாக இருக்கும். குழந்தைகள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள். உள்ளே இருக்கும் கொட்டை கொடிய விஷம். பள்ளிக்கூடம், பால்வாடி பக்கத்தில் இரண்டு அரளியும் வேண்டவே வேண்டாம்.

அரளி வளர்ப்பது எளிது. விதை தேவையில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளி விடுங்கள். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு நல்ல வெயில் படும் இடத்தில் குழி எடுத்து, தொழு உரம் இட்டு நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் ஊன்றும் வரை தண்ணீர் விட வேண்டும். அப்புறம் அது தானே பிழைத்துக் கொள்ளும்.

புதுத் துளிரின் நுனியில்தான் பூ வரும். ஆகவே பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டி விட வேண்டும். கொழுந்தில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போகும்.

வெட்டிய கிளையில்தான் ஆபத்து அதிகம். பச்சை இலையைத் தொடாத மாடு, காய்ந்த சருகு தீவனத்தில் கலந்திருந்தால் தின்று விடும். காய்ந்தாலும் விஷம் போகாது. அடுப்பிலும் எரிக்காதீர்கள். புகையும் கெடுதல். குழி தோண்டிப் புதைத்து விடுங்கள். அரளிக் குச்சியால் பல் துலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தை தெரியாமல் தின்று விட்டால் கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். வாந்தி வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அந்தச் செடியின் இலையோ காயோ ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று டாக்டருக்குச் சீக்கிரம் தெரிந்து விடும்.