டர்போ காருக்குப் பெட்ரோல் அளக்கும் கணக்கு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மளிகைக் கடை நடத்தும் வணிகர் வீட்டு வாசலிலும் இன்று டர்போ கார் நிற்கிறது. காரை வாங்கியவர் தந்தை, ஓட்டுபவர் மகன். ஆறு மாதம் கழிந்ததும் மகன் பட்டறைக்குப் போய் வருகிறார். "அண்ணே, ரீமேப் பண்ணிட்டா போதும், வண்டி பறக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார். அதற்குப் பணம் கேட்டு மகன் கல்லாவின் முன் வந்து நிற்கும்போது, தந்தை என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. கேள்வி ஒன்றுதான்: கூடுதல் காற்றுக்கு ஏற்ற கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும்?

டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுழலும் ஒரு காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்பிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று அதிகமானால் அதிக எரிபொருளை எரிக்கலாம்; சிறிய எஞ்சினிலும் பெரிய சக்தி கிடைக்கும். ரீமேப் செய்பவர் கம்ப்யூட்டரில் காற்றழுத்தத்தைக் கூட்டுகிறார். அதாவது 'பூஸ்ட்' ஏற்றுகிறார். ஆனால் பெட்ரோல் தரும் பம்பும் இன்ஜெக்டரும் கம்பெனி வைத்த அளவிலேயே இருக்கின்றன.

சாதாரணமாக 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் அழுத்தும்போது, உள்ளே சூட்டைத் தணிக்க, 12 கிலோ காற்றுக்கே 1 கிலோ பெட்ரோல் என்று தாராளமாகக் கொடுப்பார்கள். இந்த இடத்தில் பெட்ரோல் குறைந்தால் வண்டி உடனே நின்றுவிடாது. இன்னும் சற்று நன்றாக ஓடுவது போலக்கூடத் தோன்றும். உள்ளே வெப்பம் ஏறி, கலவை தானாகவே வெடித்து, டக் டக் என்று தட்டத் தொடங்கும். அதிக வேகத்தில் அந்தச் சத்தம் காதில் விழாது. பிஸ்டனின் ஓரம் உருகிய பிறகுதான் தெரியும். அதற்குள் ரீமேப் செலவைப் போலப் பல மடங்கு எஞ்சின் செலவு வந்து நிற்கும்.

இனி கணக்கைப் பார்ப்போம். நாம் தராசு பிடிப்பவர்கள், இது கடினமல்ல. டியூன் செய்த டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 100 குதிரைத்திறன் என்றால் மணிக்கு 27 கிலோ, ஏறத்தாழ 36 லிட்டர். இது ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்திருக்கும்போது மட்டும். ஊருக்குள் ஓட்டும் செலவல்ல. அதே எஞ்சினை 150-க்கு ஏற்றினால் 54 லிட்டர். நிமிடத்துக்கு 900 மில்லி. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 225 மில்லி தர வேண்டும்.

கம்பெனி இன்ஜெக்டர் முழுக்கத் திறந்தே கிடந்தாலும் 200 மில்லிதான் தரும் என்றால் பேச்சே இல்லை, போதாது. முழுக்கத் திறந்தே வைப்பதும் கூடாது. 80 சதவீத உழைப்புக்குள் வைத்தால்தான் அது கட்டுப்பாட்டில் இருக்கும். அப்படியானால் நமக்கு வேண்டியது 280 மில்லிக்குக் குறையாத இன்ஜெக்டர். சில பட்டறைகளில் இன்ஜெக்டரை மாற்றாமல் பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் 3 பாரிலிருந்து 4 பாருக்கு உயர்த்தித் தருவார்கள். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடியதால் பெட்ரோலும் அந்த அளவு கூடும் என்று எண்ண வேண்டாம். சுமார் 15 சதவீதமே கூடும். 200 என்பது 230 ஆகும். நமது உதாரணத்தில் அது கழுத்தளவுத் தண்ணீர்.

பெரிய இன்ஜெக்டர் போட்டால் அதன் அளவை காரின் கம்ப்யூட்டருக்கும் எழுதித் தர வேண்டும். இல்லையேல் நின்ற இடத்தில் பெட்ரோல் வழிந்து கரும்புகை கக்கும்; ஸ்பார்க் பிளக் நனையும். இன்ஜெக்டர் மாற்றமும் ரீமேப்பும் ஒரே கையில், ஒரே நாளில் நடக்க வேண்டியவை.

அடுத்தது டாங்கிக்குள் இருக்கும் பம்ப். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்பின் பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் ஒரு குறிப்பிட்ட மின்சார வோல்டேஜுக்கும் உரியது. எதிர் அழுத்தம் கூடினால் பம்ப் தரும் அளவு குறையும். டர்போ 1 பார் காற்றை உள்ளே திணிக்கும்போது, அந்தக் காற்று இன்ஜெக்டரின் மூக்கை எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே 3 பாரில் ஓடிய பம்ப் 4 பாரில் உழைக்க வேண்டும். பூஸ்டைப் பார்த்துத் தானே அழுத்தத்தை உயர்த்தும் ரெகுலேட்டர் சில கார்களில் உண்டு. பல புதிய கார்களில் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே நிலையான அளவில் இருக்கும். அவற்றில் பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டர் தரும் பெட்ரோல் குறையும். வாங்கும்போது பம்பின் அழுத்த அட்டவணையைக் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். பம்புக்குப் போகும் ஒயரும் முக்கியம். மெல்லிய பழைய ஒயரில் 14 வோல்ட் 12 ஆக இறங்கினால் நல்ல பம்பும் சோர்ந்துவிடும். தனி ரிலே வைத்துத் தடித்த ஒயர் இழுப்பது சொற்பச் செலவு.

ஹூண்டாய், ஃபோக்ஸ்வாகன் போன்ற கம்பெனிகளின் புதிய டர்போ கார்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. எஞ்சினே சுழற்றும் இரண்டாவது பம்ப் ஒன்று 200 பாருக்கும் மேல் அழுத்தம் தருகிறது. அதற்குப் பதில் பம்ப் நமது ஊர்க் கடையில் கிடைக்கும் சரக்கல்ல. அத்தகைய காரில் கம்பெனி பம்பின் எல்லையே சக்தியின் எல்லை.

இன்னொரு புதுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025-இல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த இன்ஜெக்டர் இப்போது விளிம்பில் நிற்கும். மேலே சொன்ன 280 மில்லியை 300 என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டும் குணத்தை எத்தனால் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்து வெடிக்கச் செய்யும்.

ஹோஸ் என்றதும் சற்று நிற்க வேண்டும். முழு மிதியில் டர்போவின் புகைப் பக்கம் செந்தணலாகக் காயும். அதன் அருகில் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகு கிளிப்பும் சைக்கிள் கடை ரப்பரும் அங்கே வேலைக்கு ஆகாது. இன்ஜெக்ஷன் பெட்ரோலுக்கென்று முத்திரையிட்ட ஹோஸ், அதற்குரிய கிளிப், டர்போவிலிருந்து விலக்கிக் கட்டிய பாதை, இவை இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடம். கார் நிற்கும் இடத்துக்கு அடுத்த சுவரில் கற்பூரமும் நல்லெண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் அடுக்கியிருக்கிறோம்.

கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018-இல் டியாகோ, டிகோர் கார்களை ஜே.டி.பி. என்ற பெயரில் வெளியிட்டது நமது மாநிலத்தின் பெருமை. 2020-இல் புதிய புகை விதிகள் வந்தபோது அவை நின்றுபோயின. சாதாரண டியாகோ பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன், ஜே.டி.பி. 114. அவர்கள் அந்த 85-இன் மீது டர்போவை ஒட்டவில்லை. ஏற்கெனவே டர்போவுக்கென்றே உருவான நெக்ஸான் எஞ்சினை எடுத்து, காரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வரை மாற்றினார்கள். தொழிற்சாலையே இவ்வளவு செய்தபின் கிடைத்த கூடுதல் 29 என்பதை, ஒரே மாலையில் 50 கூட்டித் தருகிறேன் என்பவரிடம் பேசும்போது நினைவில் கொள்ளலாம்.

டீசல் வைத்திருப்போருக்கு ஒரு சொல். நமது சரக்கு வண்டிகளில் பம்பை ஏற்றிவிடும் பழக்கம் உண்டு. டீசலில் நிலைமை தலைகீழ்: அங்கே ஆபத்து எரிபொருள் குறைவால் அல்ல, காற்றுக்கு மிஞ்சிய டீசலால். ஜவ்வாது மலை ஏற்றத்தில் லோடோடு கரும்புகை விட்டால் உள்ளே டர்போவும் பிஸ்டனும் வெந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக் கோரிக்கையின்போது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நல்ல சாக்கு. பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் 150 குதிரைத்திறனுக்கு வேலையும் இல்லை. ஆசை தீர ஓட்ட கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னையை அடுத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் இருக்கின்றன.

அப்படியும் செய்வதென்று முடிவானால், பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். பம்ப், இன்ஜெக்டர், ஹோஸ், ஒயரிங் முடிந்ததும் ஒரு பங்கு. டைனோவில் ஏற்றி, முழு மிதியில் பெட்ரோல் அழுத்தமும் காற்றுக் கலவையும் கடைசிவரை இறங்காமல் நின்றதைக் காட்டும் தாளைக் கையில் கொடுத்த பிறகு மீதி. அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை பம்ப் மாற்றும்போது ஒப்பிட உதவும்.