ஃபியூஸ் போனால் இன்ரஷ்ஷா, ஃபால்ட்டா?

மரக்காணம் உப்பளக் கரையில் இருக்கும் கூனிமேடு போன்ற ஊர்களுக்குப் புயல் புதுசு இல்லை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், இரண்டுமே புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தன. புயல் ஓய்ந்ததும் நிறுத்தி வைத்த டிரான்ஸ்பார்மர்களை மறுபடி சார்ஜ் பண்ணணும். அப்போது ஹெச்.டி. ஃபியூஸ் 'டப்'னு போனால், "முதல்ல அப்படித்தான் இழுக்கும், இன்னொரு தடவை போடு" என்று சொல்லலாமா? பார்ப்போம்.

ஏன் இழுக்கிறது?

கோரில் உள்ள ஃப்ளக்ஸ், வோல்டேஜின் இன்டக்ரல். வோல்டேஜ் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நொடியில் சுவிட்ச் போட்டால், முதல் அரை சைக்கிளில் (50 ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்ட்) ஃப்ளக்ஸ் வழக்கமான உச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். கடைசியாக ஆஃப் ஆனபோது கோரில் தங்கிய மிச்ச ஃப்ளக்ஸும் அதே திசையில் இருந்தால் இன்னும் மேலே. கோர் சாச்சுரேட் ஆகும், இன்டக்டன்ஸ் சரியும், கரண்ட் எகிறும். வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது போட்டால், மிச்ச ஃப்ளக்ஸ் இல்லாதபட்சத்தில், இன்ரஷ் கிட்டத்தட்ட வராது. ஆனால் மூன்று ஃபேஸும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்காதே!

கணக்கு

100 கே.வி.ஏ., 11 கே.வி. டிரான்ஸ்பார்மரின் ஃபுல் லோடு கரண்ட்:
100 ÷ (1.732 × 11) = 5.25 ஆம்பியர்.
இன்ரஷ் 12 மடங்கு என்று எடுத்தால் 63 ஆம்பியர். இதை 0.1 செகண்ட் தாங்கும்படிதான் ஃபியூஸைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பதில் இங்கேதான் இருக்கு. சரியான ஃபியூஸ் இன்ரஷ்ஷைத் தாங்கும். அதனால் ஃபியூஸ் போனால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அது ஃபால்ட்தான். அதுவும் கடலோரத்தில் இன்சுலேட்டர், புஷ்ஷிங் மேல் படியும் உப்பு, ஈரம் பட்டதும் கரண்டைக் கடத்தும். லைனை ஐசோலேட் செய்து, எர்த் பண்ணி, புஷ்ஷிங்கைத் துடைத்து, மெக்கர் பார்த்த பிறகே அடுத்த முயற்சி. தடிமனான கம்பி கட்டுவது பாதுகாப்பையே கழற்றி எறிவதற்குச் சமம்.

லோடைக் கழற்றினால் இன்ரஷ் குறையுமா?

குறையாது. அது கோரின் விஷயம். ஆனாலும் எல்.டி. பக்கத்தை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார்ஜ் பண்ணணும். இல்லாவிட்டால் ஊரில் உள்ள மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும் கரண்ட் இன்ரஷ்ஷோடு சேர்ந்துவிடும். முதலில் நோ-லோடில் சார்ஜ், பிறகு வோல்டேஜ் செக், அப்புறம் ஃபீடர் ஒவ்வொன்றாக.

பெரிய சப்ஸ்டேஷனில் டிஃபரன்ஷியல் ரிலேவுக்கும் இதே குழப்பம்தான். இன்ரஷ் ஒரு பக்கம் மட்டும் பாய்வதால் உள் ஃபால்ட் மாதிரியே தெரியும். இன்ரஷ்ஷில் செகண்ட் ஹார்மோனிக் அதிகம் என்பதால், அது ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தாண்டினால் ரிலே டிரிப் ஆகாமல் தடுத்து வைப்பார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்க

250 கே.வி.ஏ.வுக்கு இதே கணக்கைப் போடுங்க. 157 ஆம்பியர் வந்தால் சரி. வைவாவில் கேட்டால், அது எத்தனை செகண்ட் நீடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. மடங்கை மட்டும் சொன்னால் பாதி பதில்தான்.