புளித்த மஞ்சளும் திருப்போரூர்க் கணக்கும்

புளிக்கவைத்த மஞ்சளை தினம் ஒரு கேப்சூல் விழுங்கினால் வயிறும் சரியாகும், மறதியும் அண்டாது என்பது இப்போது பரவிவரும் நம்பிக்கை. புளித்த உணவு குடலுக்கு நல்லது என்பது ஒரு செய்தி. மஞ்சளில் இருக்கும் குர்குமின் சோதனைக்கூடத்தில் அழற்சியைத் தணிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான் இந்தக் கேப்சூல். நீராகாரத்திலும் மோரிலும் நுண்ணுயிர்கள் உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. புளிக்கவைத்து, உலர்த்தி, பொடித்து அடைத்த மஞ்சளில் அவை பிழைத்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பாட்டி காலத்து வழக்கம் என்று சொல்லவும் வழியில்லை. அறுவடையான மஞ்சளை ஈரோட்டில் வேகவைத்துக் காயப்போடுவார்கள், புளிக்கவைப்பதில்லை. மாங்காய் இஞ்சியை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுகிறோமே என்றால், அது மஞ்சளுக்குப் பங்காளிதான், ஆனால் அது ஊறுவதுதானே தவிர புளிப்பதில்லை. கொரியாவில் புளித்த மஞ்சள்பொடியை 60 பேரை வைத்து 12 வாரம் சோதித்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அதில் முக்கியமாக அளந்தது கல்லீரல் நொதியின் அளவை. குடலையோ மூளையையோ பற்றிப் பேச அதில் இடமில்லை.

விற்பவர்கள் சொல்லும் காரணம் இது: குர்குமின் உடம்பில் எளிதில் சேராது, புளிக்கவைத்தால் சேரும். முதல் பாதி உண்மை. மஞ்சள்பொடியில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். வாய்வழியே போவதில் பெரும்பகுதி ரத்தத்தை எட்டாமல் குடலோடு போய்விடுகிறது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு ஏறியது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. குர்குமின் குடலில் வேலை செய்ய வேண்டுமானால் குடலிலேயே தங்க வேண்டும். மூளைக்குப் போக வேண்டுமானால் குடலைத் தாண்ட வேண்டும். ஒரே கேப்சூல் இரண்டையும் செய்யும் என்பவர் எதை நம்பச் சொல்கிறார்? குடலுக்குச் சாதகமான நல்ல சான்று ஜப்பானிலிருந்து 2006இல் வந்தது. பெருங்குடல் புண் நோயாளிகள் 89 பேர் வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டார்கள். அதோடு ஒரு பகுதியினருக்கு தினம் 2 கிராம் குர்குமின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. குர்குமின் எடுத்தவர்களில் நோய் திரும்பியது குறைவு. மருந்தை விட்டுவிட்டு அல்ல, மருந்தோடு சேர்த்து. அதுவும் புளிக்காத குர்குமின். அந்த 2 கிராமைச் சமையலறையில் தேட நினைத்தால் ஏறத்தாழ 65 கிராம் மஞ்சள்பொடி வேண்டும். மாமல்லபுரம் பக்கத்து மீனவக் கிராமங்களான தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ மீனுக்குத் தடவும் மஞ்சளும் குழம்பில் போடும் மஞ்சளும் சேர்ந்தாலும் ஓர் ஆளுக்கு அதில் ஒரு சிட்டிகைதான் வரும்.

மூளை விஷயத்தில் அடிக்கடி காட்டப்படும் ஊர் ஹரியானாவின் பல்லப்கர். அங்கே 65 வயதைத் தாண்டியவர்களில் மறதிநோய் 1.36 சதவீதம்தான் என்று 1998இல் கண்டார்கள். அமெரிக்காவைவிடக் குறைவாக இருக்க மஞ்சள்தான் காரணம் என்ற கதை பிறகு ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்துக் கணக்கு யார் கண்ணிலும் படவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்போரூர் ஒன்றியத்தின் கிராமங்களில் 60 வயதைக் கடந்த 750 பேரைப் பரிசோதித்து 1997இல் வெளியான ஆய்வு, அவர்களில் மறதிநோய் 3.5 சதவீதம் என்றது. இரண்டு ஊரிலும் மஞ்சள் போடாத குழம்பு அபூர்வம். வயது வரம்பும் கண்டறியும் முறையும் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாதுதான். அதே நியாயம் பல்லப்கரையும் அமெரிக்காவையும் ஒப்பிடுவோருக்கும் பொருந்தும். மருத்துவச் சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. 2012இல் வெளியான ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரை வைத்து குர்குமினை 24 வாரம் சோதித்தும் பலன் தெரியவில்லை. 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் மறதிநோய் இல்லாத 40 பேரை வைத்து 18 மாதம் சோதித்தபோது குர்குமின் எடுத்தவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. அது நன்றாகச் சேரும்படி தனியாகத் தயாரித்த குர்குமின். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 40 பேரைக் கொண்டு ஊருக்கே மருந்து எழுத முடியுமா?

"மதிப்பில்லாததற்கா அமெரிக்காக்காரன் காப்புரிமை வாங்கினான்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1995இல் அமெரிக்காவில் மஞ்சளுக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் காப்புரிமை காயம் ஆற்றுவதற்கானது. நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் மறுஆய்வு கோரி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது, இது இந்தியாவில் பழைய அறிவு, புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்று காட்டி. மூளைக்கு நல்லதா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. இன்னொரு கேள்வி: "வெறும் மஞ்சள்தானே, என்ன கெடுதல்?" குழம்பு மஞ்சளுக்கு இது சரி. நன்றாகச் சேர வேண்டும் என்று செறிவூட்டிய மாத்திரைக்கு இதே பதிலைச் சொல்ல முடியாது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022இல் பட்டியலிட்டது. 5 பேர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. அது தனக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டு மாத்திரை வாங்குவதில்லை. ஆஸ்திரேலிய அரசும் 2023இல் எச்சரித்தது. நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சொல்வார்கள், மஞ்சளைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் முதலில் தேடுவது கீழாநெல்லியை. அந்த நேரத்தில் நிறுத்த வேண்டியது கேப்சூலை, டாக்டரிடம் எடுத்துப்போக வேண்டியது அதன் டப்பாவை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும் பித்தப்பைக் கல் உள்ளவரும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.